5 கிலோமீற்றர் 34 நிமிடம்: தைப்பொங்கலுக்குள் 25 ஆக்க ஏலுமா?

உரும்பிராயான்:
வணக்கம். வயது 38, நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்கிற வேலை. பங்குனியில் ஓடத் தொடங்கினேன், அப்போது ஒரு கிலோமீற்றரிலேயே இளைத்து நின்றுவிடுவேன். இப்போது கிழமையில் மூன்று நாள் விடியப்புறம் பலாலி வீதியால் ஓடி வருகிறேன். 5 கிலோமீற்றருக்கு 34 நிமிடம், அதாவது கிலோமீற்றருக்கு 6:48. கொழும்பில் இருக்கிற தம்பி பொங்கலுக்கு வருவான், அவன் 25 நிமிடத்தில் ஓடுகிறவன், அவனோடு சேர்ந்து ஓடி முடிப்பேன் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியும் விட்டேன். ஆகவே இலக்கு 25. போனில் இருக்கிற செயலியும் முடியும் என்று ஒரு அட்டவணை போட்டுத் தந்திருக்கிறது. ஆனால் ஆடி மாதம் தொடங்கினதில் இருந்து நேரம் குறையவே இல்லை. ஒவ்வொரு நாளும் முதல் நாளை விடக் கெதியாக ஓடத்தான் பார்க்கிறேன், ஒரு நாள் 34, ஒரு நாள் 35, போன கிழமை முப்பத்தைந்தரை. 25 சாத்தியமா இல்லையா, நேராகச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன்.

பழைய_நானூறு:
தம்பி, வேகம் வேண்டுமென்றால் வேகமாக ஓட வேண்டும், இதில் வேறென்ன இருக்கிறது. துரையப்பா மைதானத்துக்குப் போங்கோ. 400 மீற்றர் சுற்று 2 நிமிடத்தில், இடையில் இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு சுற்று, கிழமையில் மூன்று தரம். 25 நிமிடம் என்பது பன்னிரண்டரைச் சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம், கணக்கு அவ்வளவுதான். எங்கள் காலத்தில் மணிக்கூடும் இல்லை செயலியும் இல்லை, மாஸ்டர் விசில் ஊதுவார், நாங்கள் ஓடுவோம். இலக்கைக் குறை என்று சொல்ல இங்கே கனபேர் வருவார்கள், கேட்காதேங்கோ. யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்தவர். சின்ன இலக்கு வைத்தா எடுத்தார்?

கொக்குவில்_அக்கா:
அண்ணை, உயரம் பாய்தலிலும் கம்பை ஒரே தரத்தில் ஓரடி உயர்த்துவதில்லையே.

தம்பி, 34இல் இருந்து 25 என்றால் நேரத்தில் கால்வாசிக்கு மேல் வெட்ட வேண்டும். கிலோமீற்றருக்கு 1 நிமிடம் 48 விநாடி. முதல் வருடத்தில் எல்லாருக்கும் முன்னேற்றம் பெரிதாக வரும், அதை மறுக்கவில்லை, அதிலும் இளமையில் விளையாடியவர்களுக்கும் எடை குறைகிறவர்களுக்கும் இன்னும் கெதியாக வரும். ஆனாலும் 5 மாதத்தில் இவ்வளவு விழுகிறவர்கள் சிலர்தான், அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்று முதலே எழுதி வைத்துவிட்டுத் திட்டம் போடுவது சரியில்லை. இன்னொன்று, 25 என்ற எண் எங்கே இருந்து வந்தது? உங்கள் ஓட்டத்தில் இருந்து வரவில்லை, தம்பியின் ஓட்டத்தில் இருந்து வந்தது.

சின்னச் சோதனை ஒன்று செய்து பாருங்கள். ஒரு நாள் ஆறுதலாக ஓய்வெடுத்துவிட்டு, அடுத்த நாள் வடிவாக உடம்பைச் சூடாக்கி, ஒரே ஒரு சுற்று 2 நிமிடத்தில் ஓடுங்கள். அதன் முடிவில் "இன்னும் பத்துப் பன்னிரண்டு இதே மாதிரி" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

உரும்பிராயான்:
நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தேன் அக்கா. 2:04. முடிந்ததும் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். இரண்டாவது சுற்றுக்கு மனமே வரவில்லை. சரி, 25 பொங்கலுக்கு இல்லை என்று விளங்கிவிட்டது. அப்ப எதை இலக்காக வைக்கிறது? அதைவிட, ஏன் ஒரு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்?

ரொறொன்ரோ_வாசி:
நின்றதற்கு ஒரு காரணம் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை நான் ஒவ்வொரு தரமும் ஊருக்கு வரும்போது அனுபவிக்கிறேன். இங்கே ஐப்பசியில் 10 பாகை குளிரில் 5 கிலோமீற்றர் இருபத்தேழரை நிமிடத்தில் ஓடுகிற நான், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து விடியப்புறம் ஐந்து மணிக்கு ஓடினால் 31. அதே கால், அதே மூச்சு, கிலோமீற்றருக்கு 42 விநாடி போய்விட்டது. முதல் தரம் எனக்கு ஏதோ வருத்தம் என்றே நினைத்தேன்.

வெக்கையில் உடம்பு தன்னைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது, அதனால் காலுக்குப் போகிற பங்கு குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் கூடத் துடிக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் சூடு இறங்கும், காற்றில் ஈரம் கூடினால் அது காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே வேகத்தில் ஓடினாலும் கடைசிக் கிலோமீற்றரில் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். புதிதாக வெக்கைக்கு வருகிறவருக்கு இரண்டு கிழமையில் உடம்பு ஓரளவு பழகிவிடும். ஆனால் பழகின உடம்பும் வெக்கையில் குளிர்காலத்து நேரத்தை ஓடாது. எனவே ஆடி ஆவணியில் நேரம் குறையாமல் நிற்பதை "முன்னேற்றம் இல்லை" என்று எடுக்காதீர்கள். வெயில் கூடக்கூட நேரம் கூடாமல் நிற்பதே ஒரு முன்னேற்றமாக இருக்கலாம்.

பழைய_நானூறு:
வெயில் வெயில் என்றால் எங்கள் ஊரில் பிறந்தவன் எங்கே போகிறது? கனடாவுக்கா?

ரொறொன்ரோ_வாசி:
வரலாம் அண்ணை, தை மாதம் வாங்கோ, மைனஸ் 15இல் சேர்ந்து ஓடுவோம்.

பிசியோ_மானிப்பாய்:
இரண்டு பேரும் பிறகு சண்டை பிடியுங்கள். கேள்வி கேட்டவர் எழுதினதில் முக்கியமான வரியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். "ஒவ்வொரு நாளும் முதல் நாளை விடக் கெதியாக ஓடத்தான் பார்க்கிறேன்." வெயிலை விட இதுதான் பெரிய காரணம் என்று நான் சொல்வேன்.

கிழமையில் மூன்று ஓட்டம், மூன்றும் போட்டி. உடம்பு முன்னேறுவது ஓடும்போது இல்லை, ஓடின பிறகு ஆறும்போதுதான். ஆற விடாமல் மூன்று தரமும் அடித்தால் ஒருநாளும் முழுப் பலத்தோடு வெளிக்கிட முடியாது, அதனால் நேரமும் குறையாது, அதைப் பார்த்து இன்னும் கடுமையாக ஓடுவீர்கள். பிறகு என்னிடம் வருவீர்கள். கணைக்கால் முன் எலும்பில் நோ, குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய தசைநாணில் நோ, உள்ளங்கால் நோ, ஓடத் தொடங்கிய முதல் வருடத்துக்காரர்கள் இந்த மூன்றோடுதான் கூடுதலாக வருகிறார்கள். மூச்சு சில கிழமைகளில் முன்னேறிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கு வேண்டும். மூச்சு "போ" என்று சொல்கிற வேகத்துக்குக் கால் இன்னும் தயாராகியிருக்காது, காயம் வருகிறதே இந்த இடைவெளியில்தான். 38 வயதில், நாள் முழுக்கக் கதிரையில் இருந்த உடம்புக்கு, கிழமையில் மூன்று தரம் நானூறு ஓடச் சொல்வது (மன்னிக்கவேணும் அண்ணை) எனக்கு வருமானம் தருகிற ஆலோசனை.

மூன்றில் இரண்டை ஆறுதலாக ஓடுங்கள். உங்கள் நேரத்துக்கு ஆறுதல் என்றால் கிலோமீற்றருக்கு ஏழே முக்கால் நிமிடத்தில் இருந்து எட்டேகால் வரை. மூன்றாவது நாள் மட்டும் கொஞ்சம் வேகம்.

உரும்பிராயான்:
எட்டு நிமிடமா? அதற்கு நடக்கலாமே. றோட்டில் நாயே முந்திப் போகும். தெரிந்த சனம் பார்த்தால் சிரிக்கும்.

பிசியோ_மானிப்பாய்:
நடந்தால் 10, 11 நிமிடம் எடுக்கும், மணிக்கூட்டைப் பிடித்துப் பாருங்கள். வேகத்தைப் பார்க்காமலே ஆறுதல் ஓட்டத்தைப் பிடிக்க வழி இருக்கிறது. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவருக்கு ஒரு முழு வசனம் மூச்சு முட்டாமல் சொல்ல முடிய வேண்டும், ஆனால் ஒரு தேவாரத்தை இழுத்துப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் மெத்த ஆறுதல், வசனம் உடைந்தால் மெத்த வேகம்.

சுன்னாகம்_சைக்கிள்:
இதயத்துடிப்பைப் பார்த்து ஓடலாமா? என்னுடைய மணிக்கூடு 220இல் வயதைக் கழித்து உச்சம் போடுகிறது.

பிசியோ_மானிப்பாய்:
அது சராசரிக் கணக்கு. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு உச்சத் துடிப்பு பத்து, பதினைந்து வித்தியாசப்படுவது சாதாரணம். மற்றது, மணிக்கட்டில் ஒளி அடித்து அளக்கிற மணிக்கூடுகள் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் கால் அடியை எண்ணத் தொடங்கிவிடும். ஆறுதலாக ஓடுகிறபோது திடீரென்று 170 காட்டினால் பயப்படாமல் நின்று கழுத்தில் விரலை வைத்து எண்ணுங்கள். வசனம் சொல்கிற சோதனைக்குச் செலவும் இல்லை, சார்ஜும் வேண்டாம்.

கொக்குவில்_அக்கா:
சனம் சிரிக்கும் என்று சொன்னதற்கு ஒன்று சொல்லட்டும். நீங்கள் எட்டு நிமிடத்தில் ஓடினால் சிரிப்பார்கள் என்று யோசிக்கிறீர்கள். நாங்கள் எந்த வேகத்தில் ஓடினாலும் சிரிப்பார்கள், பார்ப்பார்கள், மோட்டச்சைக்கிளை மெதுவாக்கிக் கதை சொல்லுவார்கள். எனக்கு ஓட்டத்தில் பெரிய தடை மூச்சு இல்லை. எந்த ஒழுங்கையால், எத்தனை மணிக்கு, யாரோடு என்பதுதான். விடியப்புறம் இருட்டில் தனியாக வெளிக்கிட முடியாது, வெளிச்சம் வந்த பிறகு வெளிக்கிட்டால் ஏழு மணிக்குள் சமையலுக்கு வர வேண்டும். இப்போது மூன்று பெண்கள் சேர்ந்து ஓடுகிறோம், அதில் ஆக ஆறுதலானவரின் வேகம்தான் எல்லாருக்கும். அதனால் என் ஓட்டத்தில் பெரும்பங்கு தானாகவே ஆறுதல் ஓட்டமாகிவிட்டது, 41 நிமிடத்தில் நின்ற நான் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்து 35க்கு வந்தேன். இதைத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று பெருமை பேச முடியாது.

ஆனால் ஒன்று கண்டேன். "35க்குள் ஓட வேண்டும்" என்ற இலக்கு என் கையில் இல்லாதது. வெயில், காற்று, நித்திரை, மாதத்தில் அந்த நாட்கள் எல்லாம் அதில் கை வைக்கும். "இந்தக் கிழமை மூன்று நாள் வெளிக்கிட வேண்டும்" என்பது ஓரளவு என் கையில் இருக்கிறது. நான் கிழமைக்கு எழுதி வைப்பது இரண்டாவதைத்தான், முதலாவதை எட்டுக் கிழமைக்கு ஒருதரம் பார்ப்பேன். பெண்களுக்கு இன்னொரு விடயம்: ஒழுங்காக ஓடியும் களைப்பு கூடி நேரம் பின்னுக்குப் போனால் இரத்தப் பரிசோதனை செய்து இரும்புச்சத்தைப் பாருங்கள். எங்களில் ஒருவருக்கு அதுதான் காரணமாக இருந்தது, பயிற்சியை மாற்றி மாற்றிப் பார்த்து மினக்கெட்டதுதான் மிச்சம்.

சுன்னாகம்_சைக்கிள்:
சரி, இலக்கைப் பற்றிக் கேட்டார், ஒருவரும் எண் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். முதலில் தூரத்தை நம்பலாமா என்று பாருங்கள். பலாலி வீதியில் மரத்தடியிலும் கடைத்தொடர்களுக்குப் பக்கத்திலும் போன் காட்டுகிற தூரம் கூடிக் குறையும், கிலோமீற்றருக்கு 20 மீற்றர் பிழைத்தாலே 34 நிமிட ஓட்டத்தில் 40 விநாடி வரும். நீங்கள் ஒரு மாதமாகக் கவலைப்படுகிற ஒன்றரை நிமிட வித்தியாசத்தில் கிட்டத்தட்டப் பாதி அதுவே. மைதானத்தில் ஓடினால் சரியாக அளக்கலாம், இல்லாவிட்டால் ஒரு நேர்த் துண்டைச் சைக்கிள் மீற்றரால் அளந்து வைத்துக்கொண்டு எப்போதும் அதிலேயே சோதனை ஓட்டம் ஓடுங்கள்.

பண்ணைப் பாலத்தில் மட்டும் சோதனை வேண்டாம். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற காலத்தில் தீவுப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது தள்ளும், போகும்போது இழக்கிற அளவு வரும்போது திரும்பக் கிடைக்காது. வடகிழக்கு வாடை தொடங்கினால் மறுபக்கம், போகிறபோது பறப்பீர்கள், திரும்புகிறபோது தெரியும். ஓட அருமையான இடம், ஆனால் அங்கே வந்த நேரத்தை மற்ற இடத்தோடு ஒப்பிடாதீர்கள்.

இரண்டாவது, நாட்காட்டி. ஆவணியில் இருந்து பொங்கல் வரை ஐந்து மாதம் என்கிறீர்கள். ஐப்பசி பாதியில் மாரி தொடங்கும், கார்த்திகையில் ஒழுங்கைக்குள் முழங்கால் வெள்ளம் நிற்கும், கிழமையில் ஒரு நாள் ஓடக் கிடைத்தாலே பெரிய காரியம். ஆக, உங்களிடம் இருப்பது இரண்டரை மாதம் நல்ல பயிற்சி, ஒரு மாதம் அரைகுறை, பிறகு மார்கழியில் ஒரு மூன்று நான்கு கிழமை. செயலி இதை அறியாது, அதற்கு யாழ்ப்பாணமும் ஒன்றுதான் கலிபோர்னியாவும் ஒன்றுதான்.

இதை வைத்துப் பார்த்தால் மார்கழிக் கடைசியில் 32 நிமிடம் கட்டாயம் வரும் என்று நம்பலாம். எல்லாம் சரியாக நடந்தால் 31, அதாவது கிலோமீற்றருக்கு 6:12. முப்பதை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக ஒரு பயிற்சியையும் மாற்றாதீர்கள். 25ஐ இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு பேசலாம், வரவும் கூடும்.

ரொறொன்ரோ_வாசி:
எண் எனக்கும் சரியாகப் படுகிறது. ஒன்றைச் சேர்க்கிறேன், மார்கழி தையில் யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் 22, 23 பாகைக்கு இறங்கும், இப்போது 27க்குக் கிட்ட நிற்கிறது. 32இல் ஒரு பங்கு அந்தக் குளிர் இனாமாகத் தருவது. ஆகவே பொங்கலுக்கு 31 ஓடிவிட்டு, அதே திமிரில் சித்திரையில் 29 என்று இலக்கு வைத்தால் திரும்பவும் இதே இழையில் வந்து அழ வேண்டும். தையைத் தையோடு ஒப்பிடுங்கள், ஆவணியை ஆவணியோடு ஒப்பிடுங்கள். வருடத்துக்கு ஒருதரம்தான் ஒப்பிடலாம் என்றால் அலுப்பாகத்தான் இருக்கும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய_நானூறு:
32க்கு இவ்வளவு கதையா. சரி, நானும் ஒரேயடியாக மறுக்கவில்லை. ஆனால் ஒருவரும் வேகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லிவிடாதேங்கோ. எட்டு நிமிடத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் கால் அந்த அடியை மட்டும்தான் பழகும்.

பிசியோ_மானிப்பாய்:
அதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணை, வேண்டாம் என்று நானும் சொல்லவில்லையே. ஆறுதல் ஓட்டம் முடிகிறபோது 20 விநாடி வேகமாக, ஆனால் முக்கி முனகாமல், நான்கு தரம் ஓடலாம், இடையில் மூச்சு முழுதாகத் திரும்பும் வரை நடை. இது கால் எடுத்து வைக்கிற அடிக்கும் உடல் நிமிர்வுக்கும் நல்லது, காலையும் உடைக்காது. மூன்றாவது நாளுக்கு நீங்கள் சொன்ன நானூறுதான், ஆனால் 2 நிமிடத்தில் இல்லை, இப்போதைய 5 கிலோமீற்றர் வேகத்தை விடச் சற்றுக் கூட, சுற்றுக்கு 2:35 அளவில். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒரே நேரத்தில் வர வேண்டும். கடைசி பிந்தினால் முதலாவது பிழை.

பழைய_நானூறு:
2:35இல் என் பேரன் ஓடுவான்.

கொக்குவில்_அக்கா:
பேரனுக்கு எத்தனை வயது அண்ணை?

பழைய_நானூறு:
பன்னிரண்டு. அதனால்தான் ஓடுவான், சரி சரி.

காரைநகர்_பென்சனியர்:
இதைப் படித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு 61, நீரிழிவு இருக்கிறது, குளிசை எடுக்கிறேன். கசூரினாக் கடற்கரைப் பக்கம் நடையும் ஓட்டமுமாக ஐந்து கிலோமீற்றர் 44 நிமிடம். எனக்கும் இலக்கு வைக்கலாமா, அல்லது இந்த வயதில் விசர் வேலையா?

பிசியோ_மானிப்பாய்:
வைக்கலாம் ஐயா. முதலில் உங்கள் வைத்தியரிடம் ஓடுகிறேன் என்று சொல்லுங்கள், இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பாதத்தில் உணர்வு சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். உணர்வு குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, ஆகவே மணலில் வெறுங்காலோடு வேண்டாம். சில குளிசைகள் ஓட்டத்தின்போது சீனியை மெத்தக் குறைத்துவிடும், காற்சட்டைப் பையில் இரண்டு ரொபி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று வந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. இலக்கை நிமிடத்தில் வைக்காமல் ஓடுகிற பங்கில் வையுங்கள். இப்போது இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கிறீர்கள் என்றால் அதை மூன்றும் இரண்டும் ஆக்குங்கள், 44 தானாக இறங்கும்.

சுன்னாகம்_சைக்கிள்:
யாராவது அடுத்ததாகப் பத்துக் கிலோமீற்றரைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். பீற்றர் றீகல் என்பவரின் சூத்திரம் ஒன்று இருக்கிறது, தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கை விடக் கொஞ்சம் கூட, கிட்டத்தட்ட 2.085 மடங்கு. 34 நிமிடக்காரருக்குப் பத்துக் கிலோமீற்றர் 71 நிமிடம். ஆனால் அந்தத் தூரத்துக்குப் பயிற்சி செய்திருந்தால்தான் இது பலிக்கும். ஒருநாளும் 5க்கு மேல் ஓடாதவர் இதை நம்பி வெளிக்கிட்டால் ஏழாவது கிலோமீற்றரில் சூத்திரமும் இல்லை, காலும் இல்லை.

உரும்பிராயான்:
எல்லாருக்கும் நன்றி. செயலியின் அட்டவணையை அழித்துவிட்டேன். இரண்டு நாள் ஆறுதல், ஒரு நாள் 2:35 சுற்று, புரட்டாதிக் கடைசியில் மைதானத்தில் ஒரு சோதனை, பிறகு மாரி விட்டதும் மார்கழியில் ஒன்று. எழுதி வைத்த எண் 32. தம்பிக்கும் போன் எடுத்துச் சொன்னேன், அவன் சிரித்துவிட்டு, 25 வருவதற்குத் தனக்கு நாலு வருடம் எடுத்தது என்கிறான், அதை முதலே சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது. பொங்கலன்று என்னோடு என் வேகத்தில் ஓடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஒரு கேள்வி மிச்சம். விடியப்புறம் வெளிக்கிட முதல் வெறும் தேத்தண்ணி மட்டும்தான் குடிக்கிறேன், அது காணுமா? வியர்வை ஊற்றுகிறது.

பிசியோ_மானிப்பாய்:
முப்பது நாற்பது நிமிட ஓட்டத்துக்குக் காணும். பசித்தால் பாதி வாழைப்பழம் சாப்பிடுங்கள். வந்த பிறகு தண்ணீரும், உப்புப் போட்ட கஞ்சியும் என்றால் வடிவு. பிரஷர் இருந்தால் உப்பைக் கூட்டாதீர்கள்.

பழைய_நானூறு:
புரட்டாதிச் சோதனைக்கு எந்த நாள் என்று போடுங்கோ. நான் மைதானத்தில் நேரம் பிடிக்கிறேன், முதல் சுற்றை 2:40க்குக் கீழே ஓடினால் மறித்துத் திருப்பி அனுப்புவேன்.